பாஸ் ஆனவனுக்கு எடமில்ல

எங்க ஊரு ஐஸ்கூல்ல பாதிப் பசங்களுக்கு கார்டியன் நான்தான். அப்போ எனக்கு இருவத்தோரு வயசு, மீசையே ஒயுங்கா மொளைக்கல. ஆனா ஆபீஸ் ரூம்ல எந்தப் பையன் ரிப்போர்ட்டு கார்டைத் தொறந்தாலும் கடேசிக் கட்டத்துல என் கையெழுத்துதான் வாலை நீட்டிக்கினு நிக்கும்.

அது எப்டி ஆச்சுன்னா, கும்முடிப்பூண்டிக்கும் ஆரம்பாக்கத்துக்கும் நடுவுல, ஸ்கூலுக்கு நேரா எதிர்க்க இருந்த வாடகை சைக்கிள் கடையில நான் வேல பாத்துக்கினு இருந்தேன். பசங்களோட அப்பா அம்மால்லாம் பொழுது விடியறதுக்குள்ள கயனிக்கோ செங்கல் சூளைக்கோ போயிடுவாங்க. படிக்கத் தெரியாது. கைநாட்டு வெச்சி அனுப்பினா, "கார்டு பூரா மை அப்பிக்கினு வருது, கையெழுத்து போடத் தெரிஞ்ச ஆளு யாருகிட்டயாவது வாங்கினு வாங்கடா"ன்னு கிளாஸ் வாத்தியாரு தொரத்துவாரு. பசங்க ரோட்டைத் தாண்டுவானுங்க. ரோட்டைத் தாண்டுனா நான்.

நான் எஸ்.எஸ்.எல்.சி., அதாவது அந்தக் காலத்துப் பதினொண்ணாவது வரைக்கும் போனவன். ரெண்டு தபா எழுதி ரெண்டு தபாவும் கணக்குல கவுந்தேன். கையெழுத்து மட்டும் பெரிய ஆபீசரு கையெழுத்து. கடை மொதலாளி பழவேற்காட்டு பாய். அவரே ஒரு நாளு பாத்துட்டு, "ஏன்டா, இப்டி கையெழுத்து போடறவன் எப்டிடா ஃபெயிலான?"ன்னு கேட்டாரு. "இதுக்கு மார்க்கு குடுக்க மாட்டேன்னுட்டாங்க பாய்"ன்னேன்.

கையெழுத்து போட்டா சும்மா அனுப்ப மாட்டேன். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு உத்தியோகம் குடுத்துதான் அனுப்புவேன். மூக்கு ஒழுகிக்கினே இருப்பான் ஒருத்தன், அவன் டாக்டரு. எப்பப் பாத்தாலும் லேட்டா வர்றவன் ஸ்டேஷன் மாஸ்டரு. பெல்லைத் திருடப் பாத்து மாட்டிக்கினவன் இன்ஸ்பெக்டரு. "இன்னா டாக்டரு, நாஷ்டா ஆச்சா? செயின் கயண்டுச்சா? அப்ப இன்னிக்கு ஆப்ரேஷன் நான் பண்றேன், நீ ஓரமா குந்து"ம்பேன். பசங்களுக்கு அது புடிச்சிருந்துது. ஸ்கூல்ல யாரும் அவனுங்ககிட்ட பெரியவனானா இன்னா ஆவேன்னு கேட்டதே இல்ல. கேட்டதெல்லாம் நான்தான். அதுவும் நக்கலுக்குத்தான் கேட்டேன்.

அந்தக் கூட்டத்துல ஒருத்தனுக்கு நான் குடுத்த உத்தியோகம் இஞ்சினீரு. ஆரம்பாக்கம் பக்கத்துலேர்ந்து ரயில் ரோடு ஓரமாவே நடந்து வருவான். அவன் நைனா, அதான் அப்பா, குத்தகைக்கு நெலம் ஓட்றவரு. ஊட்ல இவன் ஒருத்தன்தான் ஸ்கூலு வாசலை மிதிச்சவன். ஒரு நாளு நான் ஒரு வண்டிய தலைகீழா நிறுத்தி பஞ்சர் பாத்துக்கினு இருந்தேன். இவன் பக்கத்துல குந்தி சங்கிலிச் சக்கரத்தோட பல்லை விரலால தொட்டுத் தொட்டு எண்ணுறான்.

"இன்னாடா, பல்லு வைத்தியமா பாக்குற?"

"முன்னாடி நாப்பத்தெட்டு பல்லுண்ணா. பின்னாடி பதினெட்டு. ஒரு தபா மிதிச்சா பின் சக்கரம் ரெண்டே முக்கா சுத்துக்கு கொஞ்சம் கொறச்சலா சுத்தும்."

நான் அஞ்சு வருசமா மிதிச்சிக்கினு கீறேன், எனக்குத் தெரியாது. பேனாவால கோடு போட்டு, வண்டிய மிதிச்சி, எண்ணிப் பாத்தேன். அவன் சொன்னதுதான். அன்னிலேர்ந்து இஞ்சினீரு. மத்தவனுங்களுக்கு குடுத்ததெல்லாம் வெளையாட்டு. இவனுக்கு குடுத்தது வெளையாட்டு இல்லன்னு எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனா நான் சிரிச்சிக்கினேதான் கூப்பிடுவேன்.

அவன் ஒம்போதாவது முடிக்கிற சமயம், மத்தியான பெல்லு அடிச்சதும் ஒரு காயிதத்தை எடுத்துக்கினு ரோட்டைத் தாண்டி வந்தான்.

"ண்ணா, சாரு குடுத்தாரு. பத்தாவதுல ஜெனரல் கணக்கா, காம்போசிட் கணக்கான்னு டிக்கு அடிக்கணுமாம். கார்டியன் கையெழுத்து வாங்கியாரச் சொன்னாரு."

அந்தக் காலத்துல பத்தாவது போறப்போ கணக்கு ரெண்டா பிரியும். ஜெனரல்னா வட்டி, லாபம், நஷ்டம், தொட்டியில எவ்ளோ தண்ணி புடிக்கும், அவ்ளோதான். காம்போசிட்டுன்னா அல்ஜீப்ரா, தேற்றம், முக்கோணத்துக்குள்ள வட்டம், வட்டத்துக்குள்ள நம்ம மானம். நான் எடுத்து கவுந்தது காம்போசிட்டு.

"உங்க நைனா இன்னாடா சொன்னாரு?"

"சைக்கிள் கடை அண்ணன் இன்னா சொல்லுதோ அத்த போட்டுக்கோன்னாரு."

"சாரு?"

"காயிதத்தைக் குடுத்துட்டுப் போய்ட்டாரு. ஜெனரலு எடுத்தா பாஸ் நிறையா வரும், ஸ்கூலுக்கு நல்லதுன்னு மட்டும் சொன்னாரு."

"உனுக்கு எது வோணும்?"

"காம்போசிட்டுண்ணா."

எனக்கு என் ரெண்டு ஃபெயிலும் ஞாபகத்துக்கு வந்துது. அத்தக் காட்டிக்காம சிரிச்சேன். "டேய் இஞ்சினீரு, உன் எதிர்க்க குந்திக்கினு கீறானே இந்த மாமேதை, இவன் அந்தக் கணக்குல ரெண்டு வாட்டி மண்ணைக் கவ்வுனவன். மூஞ்சப் பாரு. நல்லாப் பாரு. இந்த மூஞ்சி உனுக்கு வோணுமா?"

அவனும் சிரிச்சான். "வோணாம்ண்ணா."

"அப்ப ஜெனரலு எடு. கண்ண மூடிக்கினு பாஸ் ஆவ. பாஸ் ஆனாப் போதும்டா, மீதிய அப்பறம் பாத்துக்கலாம்."

இது நான் மட்டும் சொன்னதில்ல. எங்க பக்கத்துல எல்லாரும் அப்டித்தான் நெனைச்சாங்க. இன்னா படிச்ச, எதுல எடுத்தன்னு எவனும் கேக்க மாட்டான். பாஸா, ஃபெயிலா? பேப்பர்ல நம்பரு வந்துதா, வரலியா? நம்பரு வந்தவன் மனுசன். வராதவன் பஞ்சர் ஒட்டுவான். கணக்குலயே ரெண்டு வழி கீது, ஒரு வழி போயி செவுத்துல முட்டும்னு அப்பா அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்ச வாத்தியாரு சொல்லல. எனக்கு அரகொறையா ஒரு சந்தேகம் இருந்துது. ஆனா தெரியாதுன்னு சொல்ல கௌரவம் எடங்குடுக்கல.

ஜெனரலுக்கு நேரா டிக்கு அடிச்சி, கீய வாலை நீட்டிக் கையெழுத்து போட்டேன். மை காயற வரைக்கும் அவன் அந்த டிக்கையே பாத்துக்கினு இருந்தான். "சரிண்ணா"ன்னுட்டு போய்ட்டான்.

அதுக்கப்பறம் ரெண்டு வருசத்துல எங்க பக்கம் ஜீப்பா வர ஆரம்பிச்சுது. கல்லு நட்டாங்க, கயிறு புடிச்சாங்க. கம்பெனிங்க வரப்போவுதுன்னாங்க. டீக்கடையில எல்லாம் அதே பேச்சு. டிப்ளமா வெச்சிருந்தா உள்ள சேரு போட்டு உக்கார வெப்பான், இல்லாதவன் வெளிய மூட்டை தூக்கணும்னு ஒருத்தன் சொன்னான். நான் உடனே, "நம்ம கையில ஒரு டிப்ளமா ரெடியாய்க்கினு கீது"ன்னு மார் தட்டினேன்.

எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட்டு வந்துது. அவன் ஸ்கூல்லயே மொதல். கணக்குல நூத்துக்கு தொண்ணூத்தெட்டு. அவன் நைனா ஒரு கூடை வெண்டக்காயைத் தூக்கிக்கினு கடைக்கே வந்துட்டாரு. பாய்க்குப் பாதி, எனக்குப் பாதி.

"நீ சொன்ன மாரியே பாஸ் ஆயிட்டான் நைனா. அடுத்து இன்னா பண்ணணும்னு நீயே சொல்லிடு"ன்னாரு, என்னையும் பாசமா நைனான்னு கூப்பிட்டு. மனுசன் கண்ணு ரெண்டும் மின்னுது.

"மெட்ராஸ்ல பாலிடெக்னிக்கு. மூணு வருசம். திரும்பி வந்தான்னா கம்பெனில சேரு போட்டு குந்திடுவான்"ன்னேன்.

பாய்கிட்ட லீவு சொல்லி, அவன இட்டுக்கினு காலையில கரி ரயில் வண்டியில ஏறிட்டேன். அவனுக்கு மெட்ராசு அதான் மொதோ தபா. வெள்ளச் சட்டை, தலையில எண்ணெய் வழியுது. வழி பூரா நான் அவன ஓட்டிக்கினே போனேன். "அங்க வாத்தியாரு இங்கிலீஸ்லதான் தும்முவாரு, நீ இங்கிலீஸ்ல சாரி சொல்லணும்"னு கத உட்டேன். பேசின் பிரிட்ஜ் வர்றதுக்குள்ள வண்டி எத்தினி வாட்டி நின்னுது, எத்தினி நிமிசம் நின்னுதுன்னு எல்லாம் சொன்னான். அவன் பயம் அப்டித்தான் வெளிய வரும், எண்ணிக்கினே இருப்பான்.

பாலிடெக்னிக்ல அப்ளிகேஷன் குடுக்கிற ஜன்னலாண்ட பெரிய லைன். எங்க முறை வந்துது. உள்ள இருந்த கிளார்க்கு மார்க்கு புக்கை வாங்கிப் பாத்தாரு. மொதல்ல மூஞ்சி மலர்ந்துது. அப்பறம் ஒரு எடத்துல விரலை வெச்சி நிறுத்துனாரு.

"ஜெனரல் மேத்ஸா?"

"ஆமா சார். தொண்ணூத்தெட்டு சார்"ன்னேன்.

"நூறே வாங்கியிருந்தாலும் அப்ளிகேஷன் கிடையாதுப்பா. காம்போசிட் எடுத்தவங்களுக்குத்தான்."

"சார், அவன் சைக்கிள் சக்கரத்தைப் பாத்தே கணக்கு போடுவான் சார். ஒண்ணு கேட்டுப் பாருங்க சார்."

"நான் கேக்கக் கூடாதுப்பா. ரூல் கேக்குது." அவரு நல்ல மனுசன்தான். புக்கைத் திருப்பிக் குடுக்கிறப்போ மெதுவாதான் கேட்டாரு. "இவ்வளவு நல்லாப் படிக்கிற பையன், உன்னை யாரு ஜெனரல் எடுக்கச் சொன்னது?"

நான் புக்கை வாங்கி, பையில எங்க வெக்கறதுன்னு தேடிக்கினு இருந்தேன்.  

"நானேதான் சார் எடுத்தேன்"ன்னான் அவன்.

பின்னாடி நின்னவன் "நகருங்க, நகருங்க"ன்னான். நகந்தோம்.

காலேஜிலயும் போயி கேட்டோம். பி.யு.சி.ல கணக்கு குரூப்பு கெடையாது, அதே காரணம். வேற குரூப்புல சரித்திரம் படிக்கலாம், ஆனா அத்த வெச்சி கம்பெனில டிப்ளமா வேல கெடைக்காது. அதுக்காக மெட்ராசுல தங்க வெக்கிற செலவு அவன் நைனாவால ஆவாது. திரும்பி வர்ற வண்டியில அவன் எதையும் எண்ணல. நானும் ஓட்டல.

ஊட்டாண்ட போனதும் அவன் நைனா ஓடியாந்தாரு.

"சேத்துக்கினாங்களா?"

"இல்லீங்க."

"ஏன், ஃபெயிலுன்னுட்டாங்களா?"

"இல்லீங்க, பாஸுதான்."

"பாஸுன்னா அப்பறம் இன்னாத்துக்கு சேத்துக்கல?"

"கணக்கு வேற கணக்காம்."

"தொண்ணூத்தெட்டுன்னியே நைனா?"

"ஆமாங்க. அந்தத் தொண்ணூத்தெட்டு இல்லியாம்."

மனுசன் என்னையும் அவனையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. அவருக்குப் புரியல. ஒரு வார்த்த என்னைத் திட்டியிருந்தார்னா நல்லாயிருந்திருக்கும். "சரி, நீ எதுனா பாத்து செய்யி நைனா"ன்னுட்டு மாட்டைப் புடிச்சிக் கட்டப் போய்ட்டாரு.

மறுநாளு நான் எட்மாஸ்டர் ரூமுக்குப் போனேன். அவன் வெளிய நின்னான்.

"சார், இவன பத்தாவதுல திருப்பி சேத்துக்கங்க. காம்போசிட்டு எடுத்து ரெண்டு வருசம் படிக்கட்டும். அவனும் ரெடி, அவங்க நைனாவையும் நான் ஒத்துக்க வெக்கிறேன்."

எட்மாஸ்டரு கண்ணாடியக் கயட்டி மேசையில வெச்சாரு. "பாஸ் ஆனவனைத் திருப்பி எப்படிப்பா சேக்கிறது? பாஸ் பண்ணிட்டா ஸ்கூலோட அவன் கணக்கு முடிஞ்சுது. டி.சி. குடுத்தாச்சு. அப்படிச் சேக்க ரூல் கிடையாது."

"அப்ப அவன ஃபெயிலாக்கிடுங்க சார்."

"விளையாடறியா?"

"மெய்யாலுமே சொல்றேன் சார். ஒரு பேப்பர்ல ஃபெயிலாக்கிடுங்க. நான் கையெழுத்து போடறேன்."

அவரு ரெஜிஸ்தரை எடுத்துப் பிரிச்சாரு. "ஃபெயிலாகியிருந்தா சேத்திருப்பேன். இப்ப உன்னையே எடுத்துக்க. உன் பேரு இன்னும் ரெஜிஸ்தர்ல ஃபெயில்னு நிக்குது. நீ மார்ச்சுல வந்து காம்போசிட் எழுதலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் எழுதலாம். அவனால முடியாது."

வெளிய வந்தேன். அவன் கதவாண்டயே நின்னுக்கினு இருந்தான், எல்லாம் காதுல உய்ந்திருக்கு. "வாடா, டீ குடிக்கலாம்"ன்னேன். "வோணாம்ண்ணா"ன்னான்.

அதோட நான் கையெழுத்து போடறதை உட்டுட்டேன். பசங்க பக்கத்து சலூன்காரரு கிட்ட போனானுங்க. அவரு ஒரு கையில கத்தி, ஒரு கையில பேனா புடிச்சிக்கினு, வாத்தியாரு எத்த சொன்னாரோ அதுக்கு டிக்கு அடிச்சி அனுப்புவாரு. அந்த வருசமும் கிளாஸ்ல முக்காவாசி ஜெனரலுதான். ஒரு நாளு ஸ்கூலு கேட்டாண்ட நின்னு, காம்போசிட்டு எடுங்கடான்னு பசங்ககிட்ட கத்திச் சொல்லிப் பாத்தேன். "நீயே அதுல கவுந்தவன்தானேண்ணா, எங்களையும் கவுக்கப் பாக்குறியா"ன்னு இன்ஸ்பெக்டரு கேட்டான். எல்லாரும் சிரிச்சானுங்க. நக்கலைச் சொல்லிக் குடுத்ததே நான்தானே.

கம்பெனி கட்டடம் எழும்புச்சு. அவன் ஒரு காண்டிராக்டருகிட்ட இரும்புக் கம்பி தூக்கற வேலைக்குப் போனான். தோள்பட்டை உரிஞ்சிபோயி வருவான். ஷிப்ட்டு முடிஞ்சா கடையாண்ட வந்து குந்துவான். ஒரு நாளு டூல்ஸு பொட்டிக்கு அடியில கெடந்த என் பழைய காம்போசிட் புக்கை எடுத்தான். பாதிப் பக்கத்துல நான் கிரீஸு தொடச்சி வெச்சிருந்தேன். அந்தக் கறைய நகத்தால சொரண்டிச் சொரண்டிப் படிச்சான். ரெண்டு மாசத்துல புக்கை முடிச்சிட்டான். மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிச்சான்.

அப்பறம் ஒரு நாளு கேட்டான். "ண்ணா, மார்ச்சுல நீ எழுதேன். நான் சொல்லித் தரேன்."

"எனக்கு இன்னாத்துக்குடா? நான் பாஸ் ஆனா பஞ்சரு தானா ஒட்டிக்குமா?"

"நீ பாஸ் ஆனா நீ பாலிடெக்னிக்கு போலாம்ண்ணா. உன்னை உடுவாங்க."

அவன் நக்கல் பண்ணல. அவனுக்கு நக்கல் வராது. எனக்கு மறுக்கத் தெரியல.

மத்தியானத்துல கடை டல்லா இருக்கும். பாய் கண்ணை மூடிக்கினு காணாத மாரி இருப்பாரு. அவன் சைக்கிள் பிரேமைக் காட்டி முக்கோணம் சொல்லிக் குடுத்தான். வண்டி பாரை கோடுன்னான், சீட்டு பைப்பை உயரம்னான். அவன் சொல்றப்போ எல்லாம் வெளங்கும். அவன் அந்தாண்ட போனதும் அது மறுபடியும் வெறும் சைக்கிள் ஆயிடும். "ஏன்டா, உன் மூளைய கேரியர்ல வெச்சி நான் மிதிச்சிக்கினு போயிடவா?"ன்னேன். "அத்தத்தாண்ணா சொல்றேன்"ன்னான். அதுக்கு மேல எனக்கு சிரிப்பு வரல.

பரிச்சை அன்னிக்கு அவன் ஷிப்ட்டை மாத்திக்கினு ஸ்கூலு காம்பவுண்டாண்ட வந்து நின்னான். எனக்கு ரெண்டு பென்சிலு சீவிக் குடுத்தான். உள்ள என்னைச் சுத்திப் பதினாறு வயசுப் பசங்க. எனக்கு முன்னாடி பெஞ்சில டாக்டரு, இன்னமும் மூக்கை உறிஞ்சிக்கினு. கேள்வித் தாளைத் திருப்பிப் பாத்தேன். அவன் சொல்லிக் குடுத்தது எல்லாம் அதுல இருந்துது. ஒவ்வொண்ணும் தெரிஞ்ச மூஞ்சியாத்தான் இருந்துது, யாருன்னுதான் தெரியல.

பெல்லு அடிச்சி வெளிய வந்தேன். அவன் ஓடியாந்து கேள்வித் தாளைப் புடுங்காத கொறையா வாங்குனான். செவுத்து மேல வெச்சி, நின்ன வாக்குலயே, சீவுன பென்சில்ல ஒண்ணை எங்கிட்டேர்ந்து வாங்கி போட ஆரம்பிச்சான். தாளோட பின்பக்கம் பூரா. நான் பக்கத்துல நின்னேன். பசங்க பூரா போய்ட்டானுங்க, வாட்ச்மேன் கேட்டை சாத்துனான். மொதல் கேள்வியிலேர்ந்து கடேசி கேள்வி வரைக்கும் ஒண்ணும் உடல. எங்கியும் நிக்கல, அடிக்கல, அழிக்கல.

முடிச்சிட்டு கேட்டான். "நீ எத்தினி போட்டண்ணா?"

"ரெண்டு. மூணாவது பாதி."

"இது?" ஒரு முக்கோணத்தைத் தொட்டான். "முந்தாநாளு போட்டமே?"

"போட்டோம்டா."

 நான் அந்தத் தாளை வாங்கிப் பாத்தேன். அவன் போட்டது எல்லாம் சரியா, தப்பான்னு சொல்ல எனக்குத் தெரியாது. உள்ள போயி காட்டலாம்னா, திருத்தறதுக்கு அவன் பேருல நம்பரே கெடையாது.

"ரெண்டு மணி ஷிப்ட்டுண்ணா"ன்னான். பென்சிலை எங்கிட்ட குடுத்துட்டு, தோள்ல துண்டைப் போட்டுக்கினு, கம்பெனி பக்கமா வேகமா நடந்தான்.